'வாய்ஸ் பிராண்டிங்' என்று யாராவது வந்தால் உஷார் – எனக்கு 48,000 போச்சு

கோபத்தில் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அலெக்ஸா, கூகுள் அசிஸ்டென்ட் மாதிரியான குரல் உதவியாளர்களில் உங்கள் பெயரை நிலைநாட்டித் தருகிறோம், ஆயிரக்கணக்கில் கேட்பவர்களைச் சேர்த்துத் தருகிறோம் என்று சொன்ன ஒரு ஏஜென்சியிடம் 48,000 கொடுத்துவிட்டு நிற்கிறேன். பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மெயிலிலேயே மிரட்டியாச்சு. ஆனால் எப்படிப்பட்ட ஆட்கள் என்று சொன்னால் உங்களுக்கே அடையாளம் தெரியும்: சமூக ஊடக விளம்பரம், இலவச வெபினார், அது முடிகிற நேரத்தில் 'இன்று இரவுக்குள் சேர்ந்தால் பாதி விலை' என்று திரையில் ஓடுகிற கடிகாரம்.

நான் வீட்டுக் கணக்கு, சேமிப்பு, கடன் அடைப்பது பற்றித் தமிழில் இரண்டு மூன்று நிமிடக் குறிப்புகள் பேசி பாட்காஸ்டாகப் போடுகிறவள். கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் விடாமல் கேட்பவர்கள். அந்தக் கூட்டம் பெரிதாக வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது? வெபினாரின் முதல் ஸ்லைடே '2020க்குள் பாதித் தேடல்கள் குரல் வழியாகத்தான்' என்று ஆரம்பித்தது. 2020 எப்போதோ போயாச்சு, ஸ்லைடு மட்டும் போகவில்லை! பிறகு தேடிப் பார்த்தால், அந்தக் கணிப்பின் பூர்வீகம் 2014இல் சீனத் தேடல் நிறுவனமான பைடுவில் இருந்த செயற்கை நுண்ணறிவு விஞ்ஞானி ஆண்ட்ரூ இங் சொன்னது. அவரும் குரலை மட்டும் சொல்லவில்லை, குரல், படம் இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னார். படத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியை வைத்து வியாபாரம் நடக்கிறது.

சரி, ஸ்லைடைப் பார்த்தெல்லாம் நான் பணம் கொடுக்கவில்லை. கொடுக்க வைத்தது டெமோ.

வீடியோ காலில் ஏஜென்சித் தம்பி ஒருவர் மேசையிலிருந்த எக்கோ ஸ்பீக்கரை (அலெக்ஸா பேசுகிற அமேசான் ஸ்பீக்கர்) கேமரா பக்கம் நகர்த்தி வைத்தார். "அக்கா, இப்ப கேளுங்க" என்று சொல்லிவிட்டு அலெக்ஸாவைக் கூப்பிட்டு என் நிகழ்ச்சியின் பெயரைச் சொன்னார். நீல வளையம் சுற்றியது. ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் அது என் பெயரைச் சொல்லி, இன்றைய சேமிப்புக் குறிப்பு இதோ என்று ஆங்கிலத்தில் அறிமுகம் செய்தது. என் பெயரின் கடைசி எழுத்தை அது தப்பாக உச்சரித்தது கூட அப்போது அழகாகத்தான் இருந்தது. "இது இப்ப டெஸ்ட் மோட்ல இருக்கு அக்கா, நீங்க பணம் கட்டினதும் உலகம் முழுக்க லைவ், இந்தப் பேரை வேற யாரும் எடுக்க முடியாதபடி லாக் பண்ணிடுவோம்." அன்றைக்கே 30,000 அனுப்பினேன். 'ஸ்டோர் அப்ரூவல் வந்துவிட்டது' என்று மெயில் வந்ததும் மீதி 18,000. மொத்தம் 48,000.

அந்த டெமோ என்ன தெரியுமா? ரொட்டீன்! அலெக்ஸா ஆப்பில் யார் வேண்டுமானாலும் செய்யலாம். 'இந்த வாக்கியத்தைச் சொன்னால்' என்ற இடத்தில் ஒன்றை அடித்து, 'அலெக்ஸா இதைச் சொல்லட்டும்' என்ற இடத்தில் இன்னொன்றை அடித்தால் முடிந்தது. செய்தவருடைய கணக்கில் இருக்கிற ஸ்பீக்கர்களில் மட்டும்தான் அது பேசும். உலகம் முழுக்க இல்லை, அவர் மேசையில் மட்டும். என் தங்கை மகன் என் கண்ணெதிரே செய்து காட்டினான்: அதே நீல வளையம், அதே பெயர், கடைசி எழுத்தில் அதே தப்பு. வயிறு எரிந்தது.

48,000க்கு அவர்கள் கடைசியில் கொடுத்தது ஒரு ஃப்ளாஷ் பிரீஃபிங் ஸ்கில். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், ஸ்கில் என்பது அலெக்ஸாவில் சேர்த்துக்கொள்கிற குட்டி ஆப், ஃப்ளாஷ் பிரீஃபிங் என்பது அதில் சின்னச் சின்னச் செய்திகளை ஒலிபரப்புகிற வகை. இந்த வகை ஸ்கில்லுக்கு அழைப்புப் பெயரே, அதாவது சொன்னதும் அதைத் திறக்கிற பெயரே, கிடையாது. கேட்பவர் அதைத் தேடி, தானே சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு 'ஃப்ளாஷ் பிரீஃபிங்' என்று கேட்டால், அவர் சேர்த்து வைத்திருக்கிற மற்ற செய்திகளோடு வரிசையில் நம்முடையதும் வரும். என் பெயரைச் சொன்னால் நான் பேசுவேன் என்று காட்டியதற்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்திகூட இல்லை. இதைச் செய்ய புரோகிராம் எதுவும் எழுத வேண்டாம். ஒரு பெயர், ஒரு படம், ஒரு ஆர்எஸ்எஸ் ஃபீட் முகவரி (புதுப் பதிவுகள் தானாக வந்து சேர்கிற இணைய முகவரி), ஒரு படிவம். ஸ்கில் செய்கிறவர் அமேசானில் தொடங்குகிற டெவலப்பர் கணக்கு இலவசம், ஸ்கில்லை ஸ்டோரில் சமர்ப்பிக்கவும் கட்டணம் கிடையாது. அந்த ஃபீட் முகவரியும் என் பாட்காஸ்டுக்கு ஏற்கெனவே இருந்ததுதான்! என் முகவரியை ஒரு படிவத்தில் ஒட்டியதற்கு 48,000. அதையாவது என் பெயரில் செய்தார்களா என்றால், டெவலப்பர் என்ற இடத்தில் அவர்கள் பெயர். 'லாக்' என்று சொன்னதும் புருடா. அழைப்புப் பெயர் உள்ள ஸ்கில்களிலேயே ஒரே பெயரை ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் வைத்துக்கொள்ளலாம்.

பேக்கேஜில் இன்னும் இரண்டு ஐட்டம் இருந்தது. ஒன்று 'கூகுள் அசிஸ்டென்ட் ஆக்‌ஷன்'. கூகுளின் குரல் உதவியாளரில் ஓடுகிற குட்டி ஆப் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியார் செய்கிற அந்த உரையாடல் ஆக்‌ஷன்களை 2023 ஜூன் 13ஆம் தேதியோடு கூகுள் மொத்தமாக நிறுத்திவிட்டது, அதையும் ஒரு வருஷம் முன்பே அறிவித்துவிட்டுத்தான் நிறுத்தியது. இல்லாத பொருளுக்கு பில்! கேட்டால், "அது பப்ளிக்குக்குத்தான் மேடம் க்ளோஸ், எங்களுக்கு பார்ட்னர் ஆக்சஸ் இருக்கு." இன்னொன்று 'ஸ்பீக்கபிள் மார்க்கப்', இணையப் பக்கத்தில் எந்தப் பகுதியை வாசிக்கலாம் என்று காட்டுகிற குறியீடு. அதைப் போட்டால் என் பக்கங்களை ஸ்பீக்கர்களே வாசிக்குமாம். அது சோதனை நிலையில் இருக்கிற வசதி, அமெரிக்காவில் ஆங்கிலம் பேசுகிற ஸ்பீக்கர்களுக்கும் ஆங்கிலத்தில் வெளியிடுகிறவர்களுக்கும்தான் என்று கூகுளின் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. நான் எழுதுவது தமிழில்.

இனி, பெயரைச் சொன்னால் ஏன் என் குறிப்பு வரவில்லை என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதில்கள். முதலில் 'ரிவ்யூவில் இருக்கிறது'. அப்புறம் 'டெவலப்பர் லீவு'. அப்புறம் என் ஸ்பீக்கரின் மொழி செட்டிங் சரியில்லை. அதை மாற்றிப் பார்த்தும் வரவில்லை என்றதும், கொஞ்சமும் கூசாமல், நான் பெயரைத் தெளிவாக உச்சரிக்கவில்லை என்றார்கள். என் நிகழ்ச்சியின் பெயரை! பேசிப் பிழைக்கிறவளிடம்! பணம் வாங்கும்வரை 'அக்கா', வாங்கிய பிறகு 'மேடம்', ரீஃபண்ட் கேட்ட பிறகு 'மதிப்புமிகு வாடிக்கையாளரே'. அந்த மதிப்புமிகு மெயிலில் இருந்தது ஒரே வரிதான்: டிஜிட்டல் சேவை வழங்கி முடிக்கப்பட்டதால் பணம் திரும்பத் தரப்படாது.

நடுவில் என் வாயை அடைக்க ஒரு எக்செல் ஷீட் வந்தது. தினமும் எத்தனை பேர் கேட்டார்கள் என்ற கணக்கு. ஒரு நாள்கூட எண் இறங்கவில்லை, படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போகிறது. சந்தேகப்பட்டு தேதிகளைப் பார்த்தேன். ஸ்கில் வெளியானதாக அவர்களே சொன்ன தேதிக்கு முந்தைய வாரத்திலும் எனக்கு நேயர்கள் இருந்திருக்கிறார்கள்! டெவலப்பர் கணக்கின் கன்சோல் பக்கத்தில் எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று தெளிவாகக் காட்டும், அதன் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புங்கள் என்றேன். 'கான்ஃபிடென்ஷியல்' என்றார்கள். என் நேயர்களின் எண்ணிக்கை என்னிடமிருந்தே ரகசியம். அதற்கடுத்த நாள் என் எண்ணை பிளாக் செய்தாயிற்று.

எப்படி ஏமாறாமல் இருப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். டெமோவை அவர்கள் ஸ்பீக்கரில் பார்க்காதீர்கள், அவர்களுக்குத் தெரியாத இன்னொரு வீட்டு ஸ்பீக்கரில் கேளுங்கள். டெவலப்பர் கணக்கு உங்கள் மெயிலில் இருக்க வேண்டும், கடவுச்சொல் உங்களிடம் இருக்க வேண்டும், மாட்டேன் என்றால் அங்கேயே வெட்டிவிடுங்கள். பாட்காஸ்ட் வைத்திருப்பவர்கள் முதலில் அமேசான் மியூசிக் மாதிரி இடங்களில் நீங்களே சேருங்கள், சேர்க்கக் காசு கிடையாது, பெயரைச் சொல்லிக் கேட்கிறவர்களுக்கு அதுவே போதும். 'அப்ரூவல்' மெயிலை நம்பி மீதித் தொகையை அனுப்பாதீர்கள், எனக்கு அந்த 18,000 போனது அப்படித்தான்.

வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். ரசீது, எக்செல் ஷீட், டெமோவின் வீடியோப் பதிவு எல்லாம் பத்திரமாக இருக்கிறது. 48,000இல் ஏதாவது திரும்பி வந்தால் எழுதுகிறேன்.