மாசச் சந்தா கேம் ஃப்ரீ ஆகப் போகுதா? பர்ஸை மூடி வச்சுட்டு இதைப் படிங்க

வருஷக்கணக்கா மாசாமாசம் பணம் கட்டி ஆடிட்டு இருந்த ஒரு ஆன்லைன் ரோல் ப்ளேயிங் கேம் ஃப்ரீ டு ப்ளே ஆச்சு. பேர் சொல்லப் போறதில்ல, சொன்னா சண்டைக்கு வர்றதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு, அதுவும் இல்லாம இது ஒரே ஒரு கேமோட கதையும் இல்ல. "ஃப்ரீ ஆனா நல்லதுதானே, இனிமே காசு மிச்சம்"னு சந்தோஷப்படுறவங்க இருப்பீங்க இல்ல, உங்களுக்குத்தான் இந்தப் பதிவு. புதுசா வர்றவனுக்கு நல்லதுதான், மறுக்கல. ஏற்கனவே காசு கட்டினவன் தலையிலதான் துண்டு.

நடந்ததைச் சொல்லிடறேன். ஃப்ரீ ஆகுற அறிவிப்பு வர்றதுக்குக் கொஞ்ச வாரம் முன்னாடி கேமைத் தொடங்குற லாஞ்சரைத் திறந்தாலே ஒரு பேனர். ஒரு வருஷச் சந்தாவை மொத்தமா கட்டினா பெரிய தள்ளுபடி, கூடவே சவாரிக்கு ஒரு ஸ்பெஷல் குதிரை, பேருக்கு முன்னாடி போட்டுக்க தங்கக் கலர்ல ஒரு டைட்டில். எங்க கில்டுல, அதாவது சேர்ந்து ஆடுற எங்க குழுவுல, பாதிப் பேர் எடுத்தோம், எப்படியும் கட்டப்போற பணம், மாசாமாசம் கட்டுறதைவிட கம்மியா வருது, எந்தப் பக்கம் கூட்டிப் பார்த்தாலும் கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. அந்தக் குதிரை மேல ஏறி நாலு ஊர் சுத்துறதுக்குள்ள "இனி இந்த உலகம் எல்லாருக்கும் இலவசம்"னு மியூசிக் எல்லாம் போட்டு ஒரு வீடியோ வருது. இப்ப சொல்லுங்க, ஒரு கேமை ஃப்ரீயா மாத்துறது ராத்திரியோட ராத்திரியா எடுக்குற முடிவா? ஷாப் கட்டணும், எதைப் பூட்டுறது எதைத் திறக்குறதுன்னு உக்காந்து முடிவு பண்ணணும், கூட்டம் வந்தா தாங்குற மாதிரி சர்வர் ஏத்தணும், மாசக்கணக்குல வேலை அது. அப்போ அந்த பேனரைப் போட்டப்பவே உள்ள இருந்தவங்களுக்குத் தெரியாம இருந்திருக்க முடியாது, அதுதான் என் கருத்து, யார் என்ன சொன்னாலும் இதை மாத்திக்க மாட்டேன்.

ரீஃபண்ட் கேட்டு கம்பெனியோட சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டேன். "உங்கள் பொறுமைக்கு நன்றி, வீரரே"ன்னு ஒரு பதில் வந்துச்சு. சந்தா வீணாகலையாம், நான் இப்போ "ப்ரீமியம் உறுப்பினராம்", மிச்ச மாசத்துக்கு எல்லாம் மாசாமாசம் ஷாப் காயின் தருவாங்களாம். சரின்னு காயினை வாங்கிட்டு ஷாப்புக்குப் போனா, காசு குடுத்து வாங்குற காயின் வேற, இவங்க இனாமா தர்ற காயின் வேற. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி வட்டமா மஞ்சளாத்தான் இருக்கும், ஓரத்துல மெல்லிசா ஒரு பச்சைக் கோடு, அவ்வளவுதான் வித்தியாசம். பச்சைக் கோடு காயினுக்குத் தொப்பி வாங்கலாம், டான்ஸ் வாங்கலாம், பூனைக்குட்டி வாங்கலாம். பேக்ல கூடுதல் கட்டம், இன்னொரு கேரக்டர் வச்சுக்க இடம், ரெய்டுக்கு (கூட்டமா போய்ப் பெரிய வில்லனை அடிக்குற சண்டை) அனுமதி மாதிரி உருப்படியான எதையும் வாங்க முடியாது.

அதுவரைக்கும்கூட பல்லைக் கடிச்சுட்டு இருந்துட்டேன். சந்தா முடிஞ்ச மறுநாள்தான் நிஜமான கூத்து. லாகின் பண்ணினதும் பாப்பப் மேல பாப்பப், எல்லாத்தையும் மூடிட்டு பேக்கைத் திறந்தா பாதிக் கட்டத்துல சிவப்புப் பூட்டு. உள்ள இருக்குற பொருள் மங்கலா தெரியுது, மவுஸை மேல வச்சா அதோட பேர், பவர் எல்லாம் காட்டுது, எடுக்க மட்டும் முடியல. நான் ரெய்டுல ஹீலர், மத்தவங்களுக்கு உயிர் ஏத்துறது என் வேலை. ஸ்க்ரீன்ல மந்திரப் பட்டன் வரிசையா இருக்குற ஸ்கில் பார்ல கீழ இருந்த ரெண்டைத் தவிர மத்ததைக் காணோம், விஷத்தை எடுக்குற க்ளென்ஸ் மந்திரத்தை மேல இருந்த பார்ல வச்சிருந்தேன். அது தெரியாம கில்டு ஆளுங்களோட உள்ள போயாச்சு, அந்தப் பெரிய வில்லன் விஷத்தைக் கக்குறான், முன்னாடி நின்னு அடி வாங்குற டேங்க் மைக்ல "க்ளென்ஸ் போடுங்கண்ணா, க்ளென்ஸ்"னு கத்துறான், நான் பட்டனைத் தேடிட்டு இருக்கேன். மொத்த டீமும் காலி. அதுக்கு அப்புறம் பார்த்தா கேமுக்குள்ள புழங்குற பணமான கோல்டுக்கும் வரம்பு வச்சிருக்காங்க, அதுக்கு மேல நான் சேர்த்து வச்சிருந்தது எல்லாம் தனிப் பெட்டிக்குப் போயிடுச்சு, எவ்வளவு இருக்குன்னு நம்பர் மட்டும் தெரியும், வேணும்னா மறுபடி சந்தா கட்டு, இல்லன்னா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா எடுக்க ஷாப்ல அனுமதிச் சீட்டு வாங்கு. நம்ம வீட்டு பீரோவைத் திறக்க நம்மகிட்டயே வாடகை கேட்குற கதை.

ஏதோ என் ராசிக்கு மட்டும் நடந்ததுன்னு நினைச்சுடாதீங்க, இந்த டிசைன் பழசு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆன்லைன் 2009ல, லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைன் 2010ல ஃப்ரீ ஆச்சு, அதுல இருந்து வரிசையா எல்லாரும் அந்த வழிக்கு வந்தாங்க. ஸ்டார் வார்ஸ் ஓல்டு ரிபப்ளிக் 2011 டிசம்பர்ல சந்தா கேமா வந்து 2012 நவம்பர்லயே ஃப்ரீ ஆயிடுச்சு, ஒரு வருஷம்கூட முழுசா ஆகல. அங்கயும் ஆரம்பத்துல ஃப்ரீ ஆளுக்கு ஸ்கில் பார் ரெண்டுதான், திட்டு வாங்கின அப்புறம் கூட்டினாங்க. ஊதா கலர் கியர், அதாவது உசத்தியான ஆயுதம், கவசம் போட்டுக்க அப்போ தனியா லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்துச்சு. முன்னாடி காசு கட்டிட்டு நிறுத்தினவங்களுக்கு அப்போ அந்த கேமோட பணத்துல 3,50,000 க்ரெடிட்தான் உச்சவரம்பு, மிச்சம் பூட்டுக்குள்ள. நியாயமா ஒண்ணு சொல்லணும், அந்த கேம் இன்னமும் ஓடுது, ஃப்ரீ ஆகலன்னா எப்பவோ மூடியிருப்பாங்கன்னு சொல்றவங்க பேச்சுலயும் விஷயம் இருக்கு. ஆனா ஃப்ரீ ஆனதால மட்டும் கேம் பிழைச்சுடும்னும் இல்ல. சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2011ல ஃப்ரீ ஆச்சு, 2012 நவம்பர் கடைசியில சர்வரையே அணைச்சுட்டாங்க. வைல்ட்ஸ்டார் 2015ல ஃப்ரீ ஆச்சு, 2018ல மூடியாச்சு. அதனால "லைஃப்டைம் மெம்பர்ஷிப்"னு யாராவது வித்தா அது உங்க லைஃப்டைம் இல்ல, சர்வரோட லைஃப்டைம்.

எல்லா கேமும் இதே ரகம்னும் சொல்ல மாட்டேன். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2015 மார்ச்ல கட்டாயச் சந்தாவை எடுத்துட்டு, கேமை ஒரு தடவை வாங்கினா போதும்னு மாத்தினாங்க. அங்க விருப்பப்பட்டுக் கட்டுற சந்தா நின்னாலும் க்ராஃப்ட் பேக்ல (பொருள் செய்யுற மூலப்பொருளைப் போட்டு வைக்குற பை) இருக்குற சாமானை வெளிய எடுத்துக்கலாம், புதுசா உள்ள போகாது, அவ்வளவுதான். உள்ள இருக்குறது என்னோடது, அதை எடுக்க விடுறாங்க. இது ஒண்ணை மட்டும் வச்சே ஒரு கம்பெனி எப்படிப்பட்டதுன்னு ஓரளவு சொல்லிடலாம்.

சரி, என் கதைக்கு வர்றேன். கடுப்பாகி பேக்கையாவது திறந்துடலாம்னு காசு போட்டு காயின் வாங்கினேன். காயின் கட்டோட அளவும் பொருள் விலையும் எப்பவுமே ஒத்துப் போகாது, கவனிச்சிருக்கீங்களா, பொருள் ஒண்ணு 450 காயின்னா காயின் கட்டு 400ஆவும் 1000ஆவும்தான் இருக்கும், கையில எப்பவும் எதுக்கும் உதவாத சில்லறை தேங்கிட்டே இருக்கும், அதைத் தீர்க்க மறுபடி வாங்குவோம். அந்தச் சில்லறைக்குச் சரியா ஒரு விலையில லூட் பாக்ஸ், அதாவது உள்ள என்ன இருக்குன்னு தெரியாம வாங்குற அதிர்ஷ்டப் பெட்டி மட்டும் இருக்கும், அதை என்னன்னு சொல்றது. பெல்ஜியத்துல 2018லயே அங்க இருக்குற கேமிங் கமிஷன் காசுக்கு விக்குற லூட் பாக்ஸ் சூதாட்டச் சட்டத்துக்குள்ள வரும்னு சொல்லிட்டாங்க, என்னைக் கேட்டா எப்பவோ சொல்லியிருக்கணும். பேக் அன்லாக் வாங்கினேனா, பூட்டு திறந்துச்சு, அப்பாடான்னு அடுத்த கேரக்டருக்கு மாறினா அங்க பூட்டு அப்படியே இருக்கு. நான் வாங்கினது கேரக்டர் அன்லாக்காம், அக்கவுண்ட் முழுக்க வேணும்னா அது வேற ஐட்டம், வேற விலை. ரெண்டுக்கும் படம் ஒண்ணுதான், பேரும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். மறுபடி டிக்கெட், மறுபடி "வீரரே".

இப்போ உங்க கேம்ல அறிவிப்பு வந்திருக்குன்னா, இல்ல திடீர்னு நம்ப முடியாத தள்ளுபடியில வருஷச் சந்தா விக்குறாங்கன்னா, முதல் வேலையா ஆட்டோ ரினியூவை ஆஃப் பண்ணுங்க. ஆஃப் பண்ணினாலும் கட்டின தேதி வரைக்கும் ஓடும், ஒண்ணும் போயிடாது. மாறுற தேதிக்கு முன்னாடி கோல்டைச் சும்மா வச்சிருக்காதீங்க, எல்லாருக்கும் வேண்டிய சாமானா வாங்கிடுங்க, ஆனா அதைக் கூடுதல் பேக் கட்டத்துல வைக்காதீங்க, முதல்ல பூட்டுறது அதைத்தான். மெயில்ல, ஏல மார்க்கெட்ல கிடக்குறதை இழுத்து வெளிய எடுத்துடுங்க. கில்டு பேங்க்ல பொதுச் சொத்து நிறைய இருந்தா தலைவர் சந்தா எப்போ முடியுதுன்னு கேட்டு வச்சுக்கோங்க, எங்க தலைவர் பரீட்சைக்காக ஒரு மாசம் நிறுத்தினாரு, பேங்க் மொத்தமும் அந்த ஒரு மாசம் யாருக்கும் திறக்கல. ஃப்ரீ, பழைய சந்தாதாரர், சந்தாதாரர்னு மூணு பத்திக்கு ஒரு டேபிள் போடுவாங்க, அதுல எல்லாரும் மூணாவது பத்தியைத்தான் பார்க்குறாங்க, நீங்க நடுப் பத்தியைப் படிங்க, அதுதான் உங்க நிலைமை, அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, ஏன்னா பின்னாடி சத்தமில்லாம மாத்துவாங்க. சந்தா வாங்கினப்ப வந்த மெயில், அந்த பேனரோட படம், தேதி எல்லாத்தையும் சேர்த்து வைங்க.

ரீஃபண்டுக்கு கேம் கம்பெனிகிட்ட மட்டும் மோதிட்டு இருக்காதீங்க, ஆப் ஸ்டோர் வழியாவோ வேற ப்ளாட்ஃபார்ம் வழியாவோ கட்டியிருந்தா அங்க தனி ரீஃபண்ட் விதி இருக்கும், அதுக்கு நாள் கெடு உண்டு, சீக்கிரம் கேளுங்க. கார்டு கம்பெனி மூலமா சார்ஜ்பேக் போடுறதுன்னா, அதாவது கட்டின பணத்தைத் திருப்பி வாங்கித் தரச் சொல்றதுன்னா, ஒண்ணு தெரிஞ்சுட்டுப் போடுங்க, பெரும்பாலான கேம்ல உடனே அக்கவுண்டை லாக் பண்ணிடுவாங்க. எங்க கில்டுல ஒருத்தர் போட்டாரு. பணம் திரும்பி வந்துச்சு, அக்கவுண்ட் போச்சு, இப்போ அவர் புது ஃப்ரீ அக்கவுண்ட்ல முதல் லெவல்ல இருந்து ஆடிட்டு இருக்காரு, குதிரைதான் இல்ல. நான் இன்னும் மூணாவது டிக்கெட்டுக்குப் பதில் வரலைன்னு காத்துட்டு இருக்கேன், ஆட்டோ ரினியூ ஆஃப்லதான் இருக்கு.