உறுப்பினர் அட்டையை நம்பி எட்டு நாள் வாடகையைத் தொலைத்தேன்

வேலைக்காக அடிக்கடி பயணம் போகிறவன் நான். எந்த நிறுவனத்தில் வாடகைக் கார் எடுப்பது, கார் எடுக்கும்போதெல்லாம் சலுகைப் புள்ளி தரும் திட்டங்களில் எதில் சேர்வது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் கை ஓடவில்லை. முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

விமான நிலையங்களில் கிளை வைத்திருக்கும் பெரிய நிறுவனம் அது. மூன்று வருடமாக வேறு யாரிடமும் கார் எடுத்ததில்லை. அதனால் மேல்நிலை உறுப்பினர். வரிசை கிடையாது, கவுன்ட்டர் கிடையாது, நேரே காரில் ஏறிக் கிளம்பலாம். அந்தச் சொகுசுதான் என்னைக் கவிழ்த்தது. கவுன்ட்டர் இல்லையென்றால் காரைச் சுற்றிப் பார்த்துக் குறித்துக் கொடுக்கிற ஆளும் இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

இத்தனைக்கும் எடுக்கும்போதே பின்பக்க பம்பரில் ஒரு கீறல் கண்ணில் பட்டது. வாசலில் நின்ற பையனிடம் காட்டினேன். “சார், நீங்க நம்ம பழைய மெம்பர். இதெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க, கிளம்புங்க” என்று சிரித்தான். நானும் சிரித்துவிட்டுக் கிளம்பினேன். ஒரு போட்டோ எடுக்கப் பத்து விநாடி ஆகியிருக்குமா?

காரைத் திருப்பி விட்டது விடியற்காலையில். ஆள் இல்லை. சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு விமானத்துக்கு ஓடினேன். ஐந்தாம் நாள் மெயில் வருகிறது: பம்பர் பழுது, நிர்வாகக் கட்டணம், அப்புறம் கார் ஓடாமல் நின்ற நாட்களுக்கு நஷ்டஈடு. மொத்தம் எட்டு நாள் வாடகை. என்னைக் கேட்கக்கூட இல்லை, கார்டிலிருந்து எடுத்தே விட்டார்கள். நான் அந்தக் காரை ஓட்டியதே இரண்டு நாள்தான்!

போன் செய்தால் “கிளைதான் முடிவு செய்யும்.” கிளையைக் கேட்டால் (நிறுவனத்தின் பெயரில் வேறொருவர் நடத்தும் கிளையாம்) “நாங்க ஃபிரான்சைஸ் சார், தலைமை அலுவலகத்துல பேசுங்க.” அங்கிருந்து “மதிப்புமிக்க உறுப்பினரே” என்று தொடங்கும் ஒரே பதில் மூன்று முறை வந்தது. அவர்கள் ஆதாரமாக அனுப்பிய படத்தில் தேதியும் இல்லை, நேரமும் இல்லை. எட்டு நாள் வாடகை போனது போதாதென்று, நேற்று முதல் என் புள்ளிக் கணக்கும் முடக்கம். தகராறு தீரும்வரையாம்.

சரி, அவசரமாகச் சில. எடுக்கும்போதும் விடும்போதும் நாலு பக்கமும், சக்கரம், கண்ணாடி, பெட்ரோல் முள், கிலோமீட்டர் எல்லாம் ஒரே வீடியோவில் பிடியுங்கள். பழைய கீறலை எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை வேண்டாம். ஆள் இல்லாத நேரத்தில் சாவியைப் போட்டால், பல ஒப்பந்தங்களில் அவர்கள் வந்து பார்க்கும்வரை பொறுப்பு நம் தலையில்தான். இன்சூரன்ஸ் இருக்கிறதென்று நிம்மதியாக இருக்காதீர்கள், டயரும் கண்ணாடியும் பெரும்பாலும் அதில் சேராது. புள்ளிகளை வருடக்கணக்கில் குவிக்காதீர்கள். எந்த நிறுவனம் நல்லது என்ற கதையெல்லாம் இப்போது எழுத மனமில்லை. கார்டு கொடுத்த வங்கியில் புகார் எழுதிவிட்டேன், அந்தப் படத்தையும் மெயில்களையும் கேட்கிறார்கள், அனுப்பப் போகிறேன்.