வேலை பார்த்த பிறகும் கூலன்ட் ஒழுகினால்: பழைய மெக்கானிக்கா, ஷோரூமா, ரேடியேட்டர் கடையா, ஸ்டாப் லீக்கா?

என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டைச் சுழற்றும் வாட்டர் பம்ப் மாற்றியாச்சு, புது கூலன்ட் ஊற்றியாச்சு, பில்லும் கட்டியாச்சு. ஒரு வாரம் போகவில்லை, வண்டி நின்ற இடத்தில் மறுபடியும் பச்சைத் திட்டு. முதலில் அதைக் கழுவிவிடுங்கள். கூலன்ட் இனிப்பாக இருக்கும், தெருநாய் நக்கினால் உயிருக்கே ஆபத்து. அதன் பிறகு எங்கே போவது என்று பார்க்கலாம்.

அதற்கு முன்னால், ஒழுகுவது கூலன்ட்தானா? ஏசி ஓடும்போது சொட்டுவது வெறும் தண்ணீர். நிறமும் இருக்காது, வழவழப்பும் இருக்காது. வேலை பார்க்கும்போது அடித்தட்டில் சிந்தியதும் ஓரிரு நாள் சொட்டும். உள்ளே அடைபட்ட காற்று வெளியேறினால் ரிசர்வாயர் டப்பாவில் மட்டம் ஒருமுறை இறங்குவது சகஜம். நிரப்பிய பிறகும் இறங்கிக்கொண்டே போனால்தான் கவலை.

பலரும் கோபத்தில் முதலில் கைவிடுவது வேலை பார்த்த மெக்கானிக்கை. நான் முதலில் போகச் சொல்வது அவரிடம்தான். பம்ப் மாற்றியவர் தொட்ட இடங்கள் கொஞ்சம்தான்: கழற்றி மாட்டிய ஹோஸ்கள் (ரப்பர் குழாய்கள்), அவற்றை இறுக்கும் கிளாம்ப், இரு பாகங்களுக்கு நடுவே கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கெட், வடிகால் பிளக். பழைய ஸ்பிரிங் கிளாம்பையே திரும்பப் போட்டிருக்கலாம், ரப்பர் வளையமான ஓ-ரிங் முறுக்கிக்கொண்டிருக்கலாம், பழைய கேஸ்கெட்டின் துணுக்கைச் சுரண்டாமல் புதியதை வைத்திருக்கலாம். எல்லாமே சில்லறைச் செலவில் முடிகிற வேலை. பம்பின் அடியிலுள்ள சிறு துளையிலிருந்து தொடர்ந்து சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது என்று அர்த்தம். அது பம்பின் குறை. பில் இருந்தால் கடைக்காரரிடம் மாற்றிக் கேட்கலாம்.

அவர் "சார், இது வேற லீக்" என்று சொன்னால் உடனே பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கூலன்ட் ஓடும் பாதை முழுக்க அழுத்தத்தில் இருக்கிறது. சாதாரணக் கார்களில் கூலன்ட் ஊற்றும் இடத்து மூடி தாங்கும் அழுத்தம் சுமார் 0.9 முதல் 1.1 பார். பழைய பம்ப் ஒழுகிய காலத்தில் அந்த அழுத்தம் முழுதாக ஏறியே இருக்காது. ஓட்டையை அடைத்ததும் முழு அழுத்தம் ஏறுகிறது, பத்து வருடப் பழைய ஹோஸோ ரேடியேட்டர் தொட்டியோ அப்போது வாய் பிளக்கிறது. அதற்கு அவர் பொறுப்பில்லை.

அவர் சொல்வது உண்மையா என்று தெரிய பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். என்ஜின் ஆறிய பிறகு மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் கைப்பம்பை மாட்டி, மூடியில் அச்சிட்ட அளவுக்கு அழுத்தம் ஏற்றிக் கால்மணி நேரம் விட வேண்டும். பம்பின் அழுத்தமானி முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. டார்ச் அடித்துத் தேட வேண்டியதுதான். மூடியைக் கழற்றிவிட்டுச் செய்வதால் மூடியே குற்றவாளி என்றால் இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

இந்தக் கைப்பம்பு எல்லாப் பட்டறையிலும் இருக்காது. ஷோரூம் சர்வீஸ் ஜெயிப்பது இந்த இடத்தில். கருவி இருக்கிறது, அசல் பாகமும் கிடைக்கும். ஆனால் வெளியே பார்த்த வேலைக்கு அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரு கிளாம்ப் போதும் என்ற இடத்தில் ஹோஸ், கூலன்ட், லேபர் என்று எஸ்டிமேட் நீளவும் வாய்ப்புண்டு. சோதனைக்கு மட்டும் காசு கொடுத்து, ஒழுகும் இடத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு பழைய மெக்கானிக்கிடம் திரும்புவது நல்ல யோசனை; போட்டோவைக் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும்.

ரேடியேட்டர் கடைக்கு வேலை வருவது கசிவு ரேடியேட்டரிலேயே இருந்தால் மட்டும். பித்தளை ரேடியேட்டர் காலத்தில் ஈயம் வைத்து ஒட்டினால் வருடக்கணக்கில் ஓடியது. இப்போது வருவது பெரும்பாலும் அலுமினியக் குழாய்க் கட்டும் பிளாஸ்டிக் தொட்டியும். இரண்டும் சேரும் இடத்து ரப்பர் போயிருந்தால் மாற்றலாம். தொட்டியே வெடித்திருந்தால் எம்-சீல் போடுவது வீடு வந்து சேர மட்டும் உதவும். புதிதாக மாற்றுவதுதான் வழி.

கூலன்டில் ஊற்றி ஓட்டையை அடைக்கும் பாட்டில் மருந்தான ஸ்டாப் லீக்? அலுமினியக் கட்டில் ஊசிமுனை ஓட்டை என்றால் கொஞ்ச நாள் தாங்கும். தளர்ந்த ஹோஸுக்கும் பிளந்த தொட்டிக்கும் பிரயோஜனமில்லை. அது ஓட்டையை மட்டும் அடைக்காது, டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். சில பாட்டில்களில் இருப்பது சோடியம் சிலிக்கேட். 2009இல் அமெரிக்க அரசு பழைய கார்களை வாங்கி ஒழித்த திட்டத்தில், என்ஜின்களை நிரந்தரமாகக் கொல்ல ஆயிலுக்குப் பதிலாக ஊற்றச் சொன்னது இதைத்தான். கூலன்டில் அது அப்படி வேலை செய்யாது என்றாலும், இப்போதுதான் பம்ப் மாற்றிய வண்டியில் அதை ஊற்ற எனக்கு மனம் வராது. ஊற்றிய பிறகு எந்த மெக்கானிக்கும் பழைய வேலைக்குப் பொறுப்பேற்க மாட்டார் என்பது வேறு.

வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் மட்டம் இறங்கினால் கதை வேறு. இடப்பக்கக் கால்மிதி ஈரமாகி, கண்ணாடியில் எண்ணெய்ப்படலம் போல மூடினால் ஹீட்டர் கோர், அதாவது டேஷ்போர்டுக்குள் இருக்கும் அந்த ஹீட்டர் குழாய்க் கட்டு, ஒழுகுகிறது. ஓடும்போது டப்பாவில் குமிழி வந்து, சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை போனால், என்ஜினின் மேல்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். அதற்கு ஒரு நீலத் திரவச் சோதனை உண்டு. என்ஜினில் எரிந்த வாயு கூலன்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். இங்கே ரேடியேட்டர் கடை தேவையில்லை, என்ஜினைப் பிரிக்கத் தெரிந்தவரிடம் போங்கள். ஹீட் முள் ஏறுகிறது என்றால் ஓட்டாமல், வண்டியைத் தூக்கிச் செல்லச் சொல்லுங்கள்.