சிட்னி முதியோர் இல்லங்களின் ஊழியர் நட்சத்திரம்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

ஆஸ்திரேலிய அரசின் ‘மை ஏஜ்டு கேர்’ தளம் 2022 டிசம்பரிலிருந்து ஒவ்வொரு முதியோர் இல்லத்துக்கும் அதன் தரத்தைக் காட்ட ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் போடுகிறது. அப்பாவை மேற்கு சிட்னியில் ஓர் இல்லத்தில் சேர்த்ததிலிருந்து அதில் ஊழியர் பகுதியை நான் விடாமல் பார்த்து வருகிறேன். கட்டடம், தோட்டம், சாப்பாடு எல்லாம் நேரில் போனால் தெரிந்துவிடும். ராத்திரி எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்பது போனாலும் தெரியாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 1997ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்புச் சட்டம் போதுமான, தகுதியுள்ள ஊழியர் வேண்டும் என்று பொதுவாகச் சொன்னதோடு சரி. எண்ணிக்கை எதுவும் கிடையாது. முதியோர் பராமரிப்பை விசாரிக்க அரசு அமைத்த ராயல் கமிஷன் 2021இல் இறுதி அறிக்கை கொடுத்த பிறகுதான் கணக்கு வந்தது. 2023 ஜூலையிலிருந்து இல்லத்தில் 24 மணி நேரமும் ஒரு ரெஜிஸ்டர்டு நர்ஸ், அதாவது முழுத் தகுதி பெற்றுப் பதிவு செய்த செவிலியர், இருக்க வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 215 நிமிடப் பராமரிப்பு. அதில் 44 நிமிடம் ரெஜிஸ்டர்டு நர்ஸுடையது. சமையல், துப்புரவு எல்லாம் இதில் சேராது. தளத்தில் இலக்கும் கொடுத்த நிமிடமும் அருகருகே இருக்கும். இல்லத்தில் இருப்பவர்களின் உடல்நிலையைப் பொறுத்து இலக்கு மாறும். அதனால் இரண்டு இல்லங்களை ஒப்பிடும்போது வெறும் நிமிடத்தைப் பார்க்காதீர்கள், இலக்கில் எவ்வளவு எட்டினார்கள் என்று பாருங்கள். இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் இது எனக்கு மிகவும் உதவியது. இலக்கைத் தொடாத சில இடங்களைப் போய்ப் பார்க்காமலேயே ஒதுக்க முடிந்தது.

ஆனால் உள்ளே சேர்த்த பிறகு இந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. காரணம், அது மூன்று மாதச் சராசரி. அதுவும் தளத்துக்கு வரும்போது பழசாகிவிடுகிறது. 60 பேர் இருக்கும் இல்லத்தை எடுத்துக்கொள்வோம். 215 நிமிடம் என்றால் மொத்தம் ஒரு நாளைக்கு 215 மணி நேரம், அதாவது எட்டு மணி நேர ஷிஃப்ட் சுமார் 27. காலையில் 12, மாலையில் 10, இரவில் 5 என்று பிரிக்கலாம். 14, 10, 3 என்றும் பிரிக்கலாம். இரண்டுக்கும் ஒரே நட்சத்திரம்தான். படுத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றா?

அப்பாவுக்கு மறதி நோய். விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கு எழுந்துவிடுவார். அழைப்பு மணி என்று ஒன்று இருப்பதே நினைவில் இருக்காது. அதனால் கட்டில் ஓரம் ஒரு சென்சார் பாய் போட்டிருக்கிறார்கள், கால் பட்டதும் நர்ஸ் அறையில் சத்தம் வரும். சத்தம் வந்து என்ன, எழுந்து வர ஆள் வேண்டுமே. ஒரு ராத்திரி கழிவறை வாசலில் விழுந்துவிட்டார். அன்றைக்கு அந்தப் பகுதியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டேன். “எங்கள் இல்லம் கேர் மினிட்ஸ் (பராமரிப்பு நிமிட) இலக்கை எட்டியிருக்கிறது” என்று பதில் வந்தது. நான் கேட்டது அதுவே அல்ல.

ஆள் குறையும்போது வெளி நிறுவனத்திலிருந்து தற்காலிகமாக வரும் ஏஜென்சி ஆட்கள் விஷயமும் இப்படித்தான். அவர்களுடைய நிமிடமும் கணக்கில் சேரும், நட்சத்திரத்தில் வித்தியாசம் தெரியாது. அப்பாவுக்கு ஆங்கிலம் நழுவிப்போய்த் தமிழ் மட்டும் நிற்கிறது. வழக்கமாக வரும் மலையாளி நர்ஸ், “அப்பா, மெதுவா எழுந்திருங்கோ” என்றால் உடனே கேட்பார். முன்பின் தெரியாத ஒருவர் வந்து கையைப் பிடித்தால் உதறிவிடுவார்.

அமெரிக்காவில் மெடிகேர், மெடிகெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீடுகளிலிருந்து பணம் பெறும் நர்சிங் ஹோம்களுக்கு ஒரு விதி இருக்கிறது. அன்றைக்கு எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், எத்தனை நர்ஸ், எத்தனை உதவியாளர், எவ்வளவு மணி நேரம் என்று ஷிஃப்ட் வாரியாக எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். அந்தத் தாளை 18 மாதம் பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டும். அங்கேயும் குறைகள் ஏராளம். ஆனாலும் இந்த ஒரு தாள் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. செலவே இல்லாத காரியம் இது, இங்கே ஏன் கூடாது?

இதைத்தான் குடும்பத்தார் கூட்டத்தில் கேட்டோம். முதலில் தயங்கினார்கள், அப்புறம் வரவேற்பறையில் ஒரு தாள் ஒட்டச் சம்மதித்தார்கள். இப்போது வார நாட்களுக்கு ஒழுங்காக நிரப்புகிறார்கள். சனி, ஞாயிறு கட்டங்கள் பல வாரம் காலியாகவே கிடக்கின்றன. அதையும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

புதிதாக இல்லம் தேடுபவர்கள் நட்சத்திரத்தை வடிகட்ட மட்டும் பயன்படுத்துங்கள். நேரில் போகும்போது, “நேற்று ராத்திரி இந்தப் பகுதியில் எத்தனை பேர், அதில் ஏஜென்சி எத்தனை?” என்று கேளுங்கள். பதில் சொல்பவர் ரோஸ்டரை (யாருக்கு எப்போது வேலை என்ற பட்டியலை) திறந்து பார்க்கிறாரா, பேச்சை மாற்றுகிறாரா என்று கவனியுங்கள். சேர்த்த பிறகு, குடும்பத்தாரும் இருக்கும் ஆலோசனைக் குழு அமைக்க இல்லம் வருடத்துக்கு ஒரு முறையாவது எழுத்து மூலம் அழைக்க வேண்டும்; அந்தக் கடிதம் வந்தால் தூக்கிப் போடாமல் பெயர் கொடுங்கள். பதில் கிடைக்காவிட்டால் 1800 700 600இல் முதியோருக்காகப் பேசும் இலவச உதவி உண்டு, புகாருக்கு 1800 951 822. ஆங்கிலம் தடையென்றால் 131 450ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்.