போத்தலுக்குள் இருந்தது கியர்பொக்ஸ் ஒயில் இல்லை

காற்றாலை கியர்பொக்ஸில் ஒயில் மாதிரி எடுக்கும் வேலையை வெளியாளிடம் கொடுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். திருகோணமலையில் படகு எஞ்சினும் ஜெனரேட்டரும் பார்க்கும் ஓர் இடம், "காற்றாலைக்கும் மாதிரி எடுப்போம், ஆய்வுகூடத்துக்கு அனுப்பி அறிக்கையும் வாங்கித் தருவோம்" என்று சொல்லி ஐந்து இயந்திரங்களுக்கு வேலையை எடுத்தது. காற்றாலைகள் நிற்பது மன்னார்ப் பக்கம். வேலை பேசி முடிவானது திருகோணமலையில். அரைவாசி முற்பணம் கொடுத்தாயிற்று. ஐந்து போத்தலுக்கும் அறிக்கையும் வந்தது. ஆய்வுகூடம் தன் சோதனையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. ஆனால் அந்த ஐந்தில் ஒன்றைக்கூட நம்ப முடியவில்லை. காசுப் பேச்சு இன்னும் முடியாததால் பெயர் போடவில்லை.

முதல் மூன்று போத்தல்களைப் பாருங்கள். இரும்பு மூன்றிலும் 2, 3 பிபிஎம் (பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு). 40 பாகையில் பிசுக்குமை (ஒயிலின் தடிப்பு) 321, 321, 322. பொசுபரசும் அமில எண்ணும் புது ஒயிலின் தாளில் இருப்பது அப்படியே. அறிக்கையின் தலையில் பச்சை நிறத்தில் "இயல்பு". மூன்று வருடத்துக்கு மேல் ஓடிய ஒயில் அது. ஆறு மாதத்துக்கு முந்தைய மாதிரியில் இரும்பு 40ஐச் சுற்றி இருந்தது. ஒயிலும் மாற்றாமல் இரும்பு எங்கே போனது? பில்டர் பெரிய துணிக்கையைப் பிடிக்கும். ஒயிலில் கரைந்தாற்போல நிற்கும் நுண்ணிய தேய்மான உலோகத்தை அது இப்படித் துடைத்து எடுக்காது.

அடுத்த துப்பு தூய்மை எண். ஐ.எஸ்.ஓ. 4406 தரும் மூன்று எண்களும் ஒரு மில்லிலீற்றரில் 4, 6, 14 மைக்ரோனுக்கு மேற்பட்ட துணிக்கைகள் எத்தனை என்பதைக் குறிக்கும். எண் ஒன்று கூடினால் துணிக்கை இரண்டு மடங்கு. காற்றாலை கியர்பொக்ஸுக்கான ஐ.ஈ.சி. 61400-4 தரத்தின்படி ஊற்றப் போகும் ஒயில் 16/14/11, ஓடிக்கொண்டிருக்கும் ஒயில் 18/16/13. அந்த மூன்று போத்தலிலும் வந்தது 21/19/16. ஓடும் ஒயிலுக்கான அளவைவிட மூன்று படி கூட, அதாவது எட்டு மடங்கு அழுக்கு. இரும்பு இல்லாத அழுக்கு எங்கிருந்து வரும்? பரலிலிருந்து வரும். புது ஒயில் என்றால் சுத்தம் என்று பலரும் நினைக்கிறார்கள். வடிகட்டாமல் பரலில் நிற்கும் ஒயில், 10 மைக்ரோன் பில்டரும் தனிச்சுற்று நுண்பில்டரும் உள்ள கியர்பொக்ஸில் சுழலும் ஒயிலைவிடப் பெரும்பாலும் அழுக்கானது. களஞ்சியத்தில் மேலூற்றுக்காக (குறையும் ஒயிலை நிரப்ப) வைத்திருந்த விஜி 320 தர ஒயில் பரலிலிருந்து ஒரு போத்தல் எடுத்து அதே ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். எண்கள் அச்சொட்டாகப் பொருந்தின.

நாலாவது போத்தல் கியர்பொக்ஸிலிருந்துதான் வந்தது, தனியாக வரவில்லை. கல்சியம் 125, நாகம் (துத்தநாகம்) 50 பிபிஎம். நாம் பாவிக்கும் கியர் ஒயிலில் இரண்டுமே சேர்மானமாக இல்லை. எஞ்சின் ஒயிலில் கழுவும் சேர்மானமாகக் கல்சியம் இரண்டாயிரம், மூவாயிரம் பிபிஎம் வரை இருக்கும். தேய்மானத்தைத் தடுக்க நாகம் ஆயிரத்தை அண்டி இருக்கும். கணக்குப் போட்டால் நூறு மில்லி போத்தலில் ஐந்து மில்லி எஞ்சின் ஒயில். பலநாள் படகின் எஞ்சினில் உறிஞ்சிய அதே பம்பு, அதே ரியூப். ரியூபின் உட்சுவரிலும் பம்புத் தலையிலும் ஒட்டி நிற்பதே அவ்வளவுக்குப் போதும். ஒரு மீற்றர் ரியூபின் விலையை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

ஐந்தாவது எதிர்ப்பக்கம் பாய்ந்தது: இரும்பு 410, நீர் 1,100 பிபிஎம், சிலிக்கனும் உயர்வு. செயற்கை ஒயிலில் நீர் 300ஐத் தாண்டினாலே காரணம் தேட வேண்டும், 500 என்றால் பொறுக்க முடியாது. சோளகம் வீசும் நேரத்தில், நல்ல காற்றில், அந்த இயந்திரத்தை இரண்டு நாள் நிறுத்தினோம். பிறகுதான் தெரிந்தது, மாதிரி பில்டர் கூட்டின் அடி வடிகாலிலிருந்து எடுக்கப்பட்டது என்று. பில்டர் தடுத்த வண்டலும் கனமான நீரும் போய்த் தங்கும் இடமே அதுதான். சரியான வால்விலிருந்து திரும்ப எடுத்தபோது இரும்பு 45, நீர் 130.

இவையெல்லாம் சந்தேகம். சாட்சி ஸ்காடா பதிவில் கிடந்தது; இயந்திரம் எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று தானே பதியும் கணினி முறை அது. மாதிரி எடுத்ததாகச் சொன்ன நாளில் முதல் மூன்றில் இரண்டு இயந்திரங்கள் சேவை நிலைக்குப் போகவே இல்லை. மூன்றாவது 22 நிமிடம் நின்றிருக்கிறது. கோபுரம் ஏறி, ரோட்டரைப் பூட்டி, மாதிரி எடுத்து, பூட்டுத் திறந்து இறங்க 22 நிமிடம் எந்தச் சூரனுக்கும் போதாது. பதிவைக் காட்டியபோது "ஆய்வுகூடம் போத்தலை மாற்றிவிட்டது" என்றார்கள். மீதி ஒயிலைத் திரும்பச் சோதிக்கச் சொன்னோம், அதே எண்கள். அதற்குப் பிறகு தொலைபேசி எடுபடவில்லை.

பணம் போனதைவிடக் கனமான விஷயம் அந்த மூன்று பரல் போத்தல்களில் ஒன்று மறைத்தது. அந்த இயந்திரத்தின் காந்தப் பிளக்கைக் கழற்றியபோது நகக்கண் அளவில் தகட்டுச் செதில்கள். முறையாக எடுத்த மாதிரியில்கூட இரும்பு 58தான். இதில் பலர் ஏமாறுகிறார்கள்: இரும்பு போன்ற உலோகங்களை அளக்கும் ஐசிபி சோதனை ஐந்து, எட்டு மைக்ரோனுக்கு மேற்பட்ட துணிக்கைகளைச் சரியாகக் காணாது. பெயாரிங் உரியும்போது விழுவது அதைவிடப் பெரிய துண்டு. அதைக் காட்டுவது, காந்தத்தில் ஒட்டும் இரும்புத் துணிக்கையின் மொத்தத்தை அளக்கும் பிகியூ எண்ணும் துணிக்கை எண்ணிக்கையும்தான். பிகியூ உயர்ந்து நின்றது. போரஸ்கோப் (உள்ளே விட்டுப் பார்க்கும் சிறு கமரா) விட்டுப் பார்த்தால் அதிவேகத் தண்டின் பெயாரிங்கில் உரிவு. அது நசெலுக்குள்ளேயே (கோபுர உச்சியில் கியர்பொக்ஸ் இருக்கும் கூடு) மாற்றக்கூடியது. உரிந்த துண்டு உள்ளே போய்க் கோள்பற்சக்கரக் கட்டத்தைக் கெடுத்தால் கியர்பொக்ஸையே கிரேன் வைத்து இறக்க வேண்டும். "இயல்பு" அறிக்கையைக் கோப்பில் போட்டிருந்தால் அடுத்த மாதிரி ஆறு மாதத்துக்குப் பிறகுதான் எடுத்திருப்போம்.

மாதிரி எடுப்பது எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருங்கள், பக்கத்தில் நிற்காவிட்டாலும் கேள்வி கேட்கலாம். இயந்திரம் ஓடி நின்று அரை மணிக்குள், ஒயில் 40 முதல் 60 பாகைச் சூட்டில் இருக்கும்போதே எடுக்க வேண்டும். ஆறிவிட்டால் கனமான துணிக்கை அடியில் இறங்கிவிடும். இடம் பம்புக்குப் பிறகு, பில்டருக்கு முன் உள்ள மாதிரி வால்வு. ஒவ்வொரு தடவையும் அதே வால்வு. இடம் மாறினால் முந்தைய எண்ணோடு ஒப்பிட முடியாது. வால்வின் வாயை நூல் விடாத துணியால் துடைத்துவிட்டு, மெல்லத் திறந்து, வால்விலும் குழாயிலும் தேங்கி நிற்கும் அளவைப் போல ஐந்து மடங்கையாவது கழிவுப் போத்தலில் விட வேண்டும். எங்கள் வால்வுகளுக்கு அரை லீற்றர் கழிக்கிறோம். பிறகு வால்வை மூடித் திறக்கக் கூடாது, தொடவும் கூடாது, ஏனென்றால் அந்தத் திருகலிலேயே துணிக்கை உதிரும். ஓட்டம் ஓடியபடி இருக்கவே கழிவுப் போத்தலை விலக்கி மாதிரிப் போத்தலை நீட்டுங்கள். மூடி அதுவரை திறக்கக் கூடாது. முக்கால்வாசி நிரப்பினால் போதும், ஆய்வுகூடத்தில் குலுக்க இடம் வேண்டும்.

வால்வு இல்லாத கியர்பொக்ஸ் என்றால் கைப்பம்பும் ரியூபும்தான். ரியூபின் நுனி ஒயில் ஆழத்தின் நடுவில் நிற்க வேண்டும், அடியையும் சுவரையும் தொடக்கூடாது. இயந்திரத்துக்கு ஒரு புது ரியூப். இதில் பேரம் வேண்டாம்.

மேலூற்றும் பில்டர் மாற்றமும் மாதிரி எடுத்த பிறகு. முதலில் பில்டரை மாற்றிவிட்டு மாதிரி எடுக்கிறவர் தெரியாதவர், அல்லது தெரிந்தே செய்கிறவர். லேபிளை நசெலிலேயே எழுத வேண்டும்: இயந்திர எண், கியர்பொக்ஸ் தொடர் எண், ஒயிலின் முழுப்பெயர், ஒயில் ஓடிய மணி, கடைசி மாதிரிக்குப் பிறகு ஊற்றிய லீற்றர், எடுத்த இடம், திகதி, நேரம், ஒயில் சூடு. எங்களுக்கு வந்த ஐந்து லேபிளிலும் ஒயில் மணி வெறுமை. ஐந்தும் ஒரே பேனை, ஒரே கையெழுத்து, எண்ணெய்க் கறை ஒன்றுகூட இல்லை. கியர்பொக்ஸுக்குப் பக்கத்தில் எழுதிய லேபிள் அவ்வளவு வெள்ளையாக இருக்காது. போத்தல்கள் மூன்று கிழமை பட்டறையில் கிடந்திருக்கின்றன என்பதும் ஆய்வுகூடத்தின் வரவுத் திகதியில் தெரிந்தது. இரண்டு நாளுக்குள் அனுப்பாத மாதிரியில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை.

சரிபார்ப்புத் தாளையும் பாருங்கள். "சுவாசி நல்ல நிலை" என்று ஐந்துக்கும் சரி போட்டிருந்தார்கள். சுவாசி என்பது கியர்பொக்ஸுக்குள் போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பாகம். அதில் செம்மஞ்சளாக இருக்க வேண்டிய சிலிக்கா ஜெல் இரண்டில் முழுக்கப் பச்சை. கடற்கரை ஈரக்காற்றில் அது சீக்கிரம் நிறையும். மூன்றில் இரண்டு பங்கு நிறம் மாறினாலே மாற்ற வேண்டும். ஒன்றில் புதுச் சுவாசியின் பிளாஸ்டிக் அடைப்பானே கழற்றப்படவில்லை. அப்படி அடைத்து வைத்தால் கியர்பொக்ஸ் தண்டுச் சீல் வழியாக மூச்சு விடும், உப்புத் தூசியும் அந்த வழியால்தான் போகும். ஒயில் மட்டத்தை நிறுத்திய கையோடு பார்த்து "குறைவு" என்று 20 லீற்றர் ஊற்றியதாகவும் இருந்தது. நுரை அடங்கக் கால் மணி, இருபது நிமிடம் பொறுத்து மட்டக் கண்ணாடியைப் பார்த்திருந்தால் அந்த ஊற்றலே தேவைப்பட்டிராது. கூடினால் மேலும் நுரைக்கும், சீலால் கசியும்.

இனி வேலை கொடுக்கும்போது நாங்கள் எழுத்தில் கேட்பவை இவை. முற்பணம் பயணச் செலவுக்கு மட்டும். மீதி, சேவை நிலைப் பதிவின் நேரமும் லேபிளின் நேரமும் ஒத்துப்போன பிறகு. ஒவ்வொரு தொகுதியோடும் மேலூற்றுப் பரலிலிருந்து ஒப்பிட ஓர் அடிப்படை மாதிரி. ஏதாவது ஓர் இயந்திரத்தில் இரண்டு போத்தல் எடுத்து, ஒன்றுக்கு இல்லாத இயந்திர எண் போட்டு அனுப்புவோம். இரண்டின் எண்ணும் நெருங்கி வராவிட்டால் எடுத்த விதத்தில் கோளாறு. அறிக்கை ஆய்வுகூடத்திலிருந்து நேரே எங்கள் மின்னஞ்சலுக்கு. சோதனைப் பட்டியலில் பிகியூவும் துணிக்கை எண்ணிக்கையும் கார்ல் ஃபிஷர் நீர்ச் சோதனையும் கட்டாயம். மலிவுப் பொதியில் இந்த மூன்றும்தான் முதலில் வெட்டுப்படும்.

அறிக்கை வர முன்னும் சும்மா இருக்க வேண்டியதில்லை. இரண்டாவது போத்தல் ஒன்றைக் கையில் வைத்திருந்தால் அடியில் காந்தத்தை ஒட்டி ஓர் இரவு விட்டு, மெல்லச் சரித்து டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். செதில் இருந்தால் காந்தத்துக்கு மேலே திட்டாக நிற்கும். சூடான தகட்டில் ஒரு துளி விட்டு வெடிக்கிற சத்தம் கேட்டால் நீர் கூட. கண்ணுக்குக் கவசம் போட்டுச் செய்யுங்கள், துளி தெறிக்கும்.

ஆய்வுகூடங்கள் மீதி ஒயிலை நெடுநாள் வைத்திருப்பதில்லை. எண்ணில் சந்தேகம் வந்தால் அன்றைக்கே எழுதி, போத்தலை வீசாமல் வைக்கச் சொல்லுங்கள்.