ஊராட்சிக் கணக்கு: சபையில் கேட்பதா, மனுவில் கேட்பதா?

மண்டபம் பக்கத்துக் கடலோர ஊராட்சிகளில் வரவு செலவைத் துருவ இரண்டு வழி உண்டு: கிராம சபை, தகவல் உரிமை மனு.

சபையில் காசு செலவில்லை. தெருவிளக்குக்கு எவ்வளவு என்று நேராகவே கேட்கலாம். ஆனால் கணக்கை ரயில் வேகத்தில் வாசித்துவிட்டு, கையெழுத்து நோட்டை நீட்டிவிடுவார்கள். நாளும் முக்கியம். மே 1 சபை மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14-க்குள் வருவதால், விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். கேள்வி கேட்க அதைவிட நல்ல நாள் இல்லை. ராமேஸ்வரம், கீழக்கரை இரண்டும் நகராட்சிகள். அங்கே கிராம சபையே கிடையாது.

மனுவுக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். 2005 சட்டப்படி 30 நாளில் பதில் வரவேண்டும், இல்லையென்றால் மேல்முறையீடு. ‘செலவு விவரம் தருக’ என்று மொட்டையாக எழுதினால் மொட்டையான பதில்தான் வரும். இன்ன மாதம், இன்ன வேலை, அதன் பில் நகல், உள்ளாட்சி நிதித் தணிக்கையின் ஆட்சேபணைகள் என்று குறிப்பாகக் கேட்கவேண்டும். ஊழியர்களின் ஓய்வூதியப் பிடித்தம் கணக்கில் சேர்ந்ததா என்பதற்கும் இதுதான் வழி. சபையில் அந்தப் பேச்சே எழாது.

என்னைக் கேட்டால், முதலில் மனு. அப்புறம் அந்த நகலோடு மே 1 சபை.