ஹெட்செட்டுக்கு நல்ல மார்க், அதற்குள் பேசும் ஏ.ஐ.க்கு அவ்வளவு இல்லை

நாலு பேர் முன்னால் எழுந்து பேச வேண்டும் என்றாலே எனக்கு வாய் உலர்ந்துவிடும். கூடவே மனச்சோர்வும் உண்டு. என்னைப் பார்க்கும் ஆலோசகர், கண்முன் கணினிக் காட்சியை விரிக்கும் வி.ஆர். ஹெட்செட்டும் ஏ.ஐ. உரையாடலும் சேர்ந்த ஒரு சிகிச்சைச் சேவையைப் பரிந்துரைத்தார். குறை சொல்லப் போவதால் அந்தச் சேவையின் பெயர் வேண்டாம்.

ஹெட்செட்டை மாட்டினால் ஒரு மேடை, எதிரே நாற்காலி வரிசை. முதலில் சிலரே இருப்பார்கள். பழகப் பழக ஆட்களைக் கூட்டலாம். கொட்டாவி விடுபவரையும் போனை நோண்டுபவரையும்கூடச் சேர்க்கலாம். முகங்கள் எல்லாம் சுத்த கார்ட்டூன். ஆனாலும் உள்ளங்கை வியர்க்கிறது. பொம்மை என்று எனக்குத் தெரியும், என் நாடித்துடிப்புக்குத் தெரியவில்லை! சிகிச்சையே அதை நம்பித்தான் இருக்கிறது. பயந்த இடத்தை விட்டு ஓடாமல் நின்றால், நினைத்த விபரீதம் எதுவும் நடக்கவில்லை என்பது மெல்ல மெல்ல உறைக்கும்.

இது நேற்று முளைத்த சரக்கும் அல்ல. உயரத்துக்கு அஞ்சுபவர்களுக்கு வி.ஆர். கொண்டு சிகிச்சை தந்த ஆய்வை அமெரிக்க உளவியலாளர் பார்பரா ராத்பாம் குழுவினர் 1995-லேயே வெளியிட்டுவிட்டார்கள். 2018-ல் ஆக்ஸ்ஃபோர்டின் டேனியல் ஃப்ரீமன் குழு, ஹெட்செட்டுக்குள் தோன்றும் பயிற்சியாளரை மட்டும் வைத்து 100 பேரிடம் சோதித்துப் பார்த்தது. சிகிச்சை பெற்றவர்களின் உயரப் பயம் சராசரியாக 68 சதவீதம் குறைந்தது.

ஏ.ஐ.யிடம்தான் எனக்குச் சண்டை. மேடையில் நிற்கும்போது, "இப்போது பதற்றம் 0 முதல் 100-க்குள் எவ்வளவு?" என்று கேட்கும். 80 என்று சொன்னால் போதும், "கவலை வேண்டாம், கொஞ்சம் ஓய்வெடுப்போமா?" என்று காட்சியை மங்கலாக்கிவிடும். அந்த 80-ல் நின்று பார்க்கத்தானே வந்தேன்? பயம் ஏறும்போதெல்லாம் தப்பிக்க வழிகாட்டினால், தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று மனது கணக்கு எழுதிக்கொள்ளும். ஆலோசகரிடம் சொன்னதும் நான் கேட்டால் மட்டும் ஓய்வு என்று அமைப்பை மாற்றிக் கொடுத்தார். முன்னேற்றம் அதற்குப் பிறகுதான். இப்போது அலுவலகக் கூட்டத்தில் என் பிரிவின் அறிக்கையை நானே வாசிக்கிறேன். முதல் இரண்டு வாக்கியத்துக்குக் குரல் நடுங்கும், அவ்வளவுதான்.

மனச்சோர்வுக்கு ஹெட்செட் பெரிதாக உதவவில்லை. எழுந்து பல் தேய்க்கவே தெம்பில்லாத நாளில் அரைக் கிலோ பெட்டியை யார் முகத்தில் மாட்டுவது? அந்த நாட்களில் போனில் வரும் ஏ.ஐ. உரையாடல் பரவாயில்லை. "ஜன்னலைத் திறந்துவிட்டு வாருங்கள்" என்கிற மாதிரி சின்ன வேலையாகக் கொடுக்கும். செய்தால் பாராட்டும், செய்யாவிட்டாலும் பாராட்டும், அதுதான் எரிச்சல். 2025-ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிக் குழு, தெராபாட் என்ற தங்கள் ஏ.ஐ. உரையாடல் செயலியை 210 பேரிடம் சோதித்து, பயன்படுத்தியவர்களின் மனச்சோர்வு அறிகுறிகள் சராசரியாக 51 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. எண் பெரிதுதான். ஆனால் ஒப்பிட்டது, செயலி கிடைக்காமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களோடு. உரையாடல்களையும் ஆட்கள் கண்காணித்தார்கள்.

அந்தக் கண்காணிப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். செயலி அவ்வப்போது, மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது வினாக்களைக் கொடுக்கும். ஒன்பதாவது கேள்வி, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. ஒருமுறை அதில் நான் பூஜ்யம் போடவில்லை. செயலி ஓர் ஆயத்த வாசகத்தையும் உதவி எண்ணையும் காட்டியது. ஆலோசகர் அன்று மாலையே கூப்பிட்டார். என் மதிப்பெண் அவருக்கும் போகிறது என்பதால்தான் இந்தச் சேவையில் நீடிக்கிறேன். சேரும் முன், உங்கள் மதிப்பெண்ணை எந்த மனிதர் பார்ப்பார் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

மற்றபடி, மூக்குக் கண்ணாடி போடுபவர்களுக்கு ஹெட்செட் அழுத்தும். காட்சி நகரும் பயிற்சிகளில் எனக்குக் குமட்டியது; உட்கார்ந்து செய்தால் குறைகிறது. வோபாட் என்ற பிரபல உரையாடல் செயலி 2025 ஜூனோடு மூடப்பட்டதிலிருந்து இன்னொரு கவலை: இதுவும் மூடினால் நான் கொட்டிய கதையெல்லாம் எங்கே போகும்? கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.